எந்த கோல்ஃப் கிளப்பில் சேரலாம்? சென்னையிலிருந்து யோசிப்பவர்களுக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கோல்ஃப் கிளப்பில் சேரலாம்னு இருக்கேன், எது நல்ல கிளப்?" இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார். இருபது வருடமாக ஆடிவருகிறேன். இரண்டு கிளப்களில் உறுப்பினராக இருந்திருக்கிறேன், விருந்தாளியாகப் பல மைதானங்களுக்குப் போயிருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் துண்டுதுண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். என் கருத்து இதுதான்: கிளப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக் காலையில் அங்கே போய் நிம்மதியாக ஆடிவிட்டு வேலைக்குப் போக முடியுமா என்று பாருங்கள்.

சென்னையில் இருக்கிறேன். எனக்கு என்னென்ன கிளப்கள் உண்டு?

நகருக்குள் என்றால் இரண்டு பெயர்கள்தான் எல்லோர் வாயிலும் வரும். ஒன்று, மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கிண்டி மைதானம். குதிரைப் பந்தயத் தடத்துக்கு நடுவே இருப்பது. கிளப் தொடங்கியது 1884இல். தலைமை வளாகம் தீவுத்திடல் பக்கம். மற்றது காஸ்மாபாலிட்டன் கிளப்பின் நந்தனம் மைதானம். அந்தக் கிளப் 1873இல் தொடங்கியது. ஆடுகிறவர்கள் சுருக்கமாகக் 'காஸ்மோ' என்பார்கள்.

இரண்டுமே முதலில் சமூகக் கிளப்கள். சாப்பாடு, சீட்டாட்டம், டென்னிஸ், நூலகம் என்று பலதும் உள்ள இடத்தில் கோல்ஃப் ஒரு பகுதி. அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கிளப் உறுப்பினர் ஆனாலே கோல்ஃப் ஆட உரிமை வந்துவிடுமா, அல்லது அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தேர்வு இருக்கிறதா? சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகரை விட்டு வெளியே வந்தால் கோயம்புத்தூரில் செட்டிபாளையம் மைதானம் இருக்கிறது. ஊட்டியில் ஜிம்கானா கிளப், குன்னூர் பக்கம் வெலிங்டன், அப்புறம் கொடைக்கானல். பெங்களூருக்கு அடிக்கடி போய்வருபவர் என்றால் 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப்பும், கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானமும் உங்கள் கணக்கில் வரலாம். ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ராணுவ மைதானங்கள் வழி தனி. அவர்கள் முதலில் அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? மைதானத்தின் தரமா, கிளப்பின் மதிப்பா, கட்டணமா?

தூரத்தை. அடுத்தது டீ டைம், அதாவது ஆட்டத்தைத் தொடங்க உங்களுக்கு ஒதுக்கும் நேரம். மற்றதெல்லாம் பிறகு.

நால்வர் சேர்ந்து 18 ஹோல், அதாவது 18 குழிகள் கொண்ட முழு ஆட்டம், ஆட நாலேகால் மணி நேரம் ஆகும். கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தைத் தொடும். போய்வர ஒன்றரை மணி, குளித்து ஒரு காபி குடிக்க அரை மணி. ஆக ஆறு, ஆறரை மணி நேரம் வீட்டை விட்டுப் போகிறீர்கள். வேலையும் குழந்தைகளும் உள்ளவருக்கு அது வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. ஆனால் மைதானம் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருந்தால் 9 ஹோல் மட்டும் ஆடிவிட்டு எட்டரை மணிக்கு வீடு திரும்பலாம். வாரத்தில் மூன்று நாள் அப்படி ஆடுகிறவர்தான் ஆட்டத்தில் தேறுகிறார்.

சென்னைக்கு வருவதற்கு முன் வேறொரு பெருநகரில் வேலை பார்த்தேன். அங்கே ஊரே மதிக்கும் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து 31 கிலோமீட்டர். முதல் வருடம் முழுவதும் நான் அங்கே ஆடியது ஒன்பது முறை. சந்தா மட்டும் மாதாமாதம் தவறாமல் போனது. மைதானம் அருமையாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையோடு அது ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

டீ டைம் விஷயத்தில் இப்படிக் கேளுங்கள்: சனி, ஞாயிறு காலை நேரங்கள் எப்படி ஒதுக்கப்படுகின்றன? செயலியில் முந்திக்கொண்டவருக்கா, குலுக்கலா, அல்லது பல வருடமாக ஒரே குழு ஒரே நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா? சில இடங்களில் ஆறு மணி முதல் ஏழரை வரை பழைய குழுக்கள் வாய்ப்பேச்சிலேயே வைத்திருப்பார்கள். எழுத்தில் எங்கும் இருக்காது. புதியவருக்கு ஒன்பது மணி கிடைக்கும். சென்னையில் மே மாதம் ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணிக்கு முடிப்பதென்றால் யோசித்துப் பாருங்கள்.

மைதானத்தைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்கட்டும்?

ஒரு எட்டு அல்ல, இரண்டு எட்டு போய்வாருங்கள். ஒன்று வாரநாள் காலை, ஒன்று நல்ல மழை பெய்த மறுநாள். முடிந்தால் உறுப்பினர் ஒருவரின் விருந்தாளியாக, கிரீன் ஃபீ (ஒரு ஆட்டத்துக்கான கட்டணம்) கட்டி, 18 ஹோலும் ஆடிவிடுங்கள். கிளப் மேலாளர் பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டும் மைதானமும் நடந்து ஆடும் மைதானமும் ஒன்றல்ல.

மழைக்கு மறுநாள் ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் புல்வெளிப் பாதையில்) குதிகாலை ஊன்றிப் பாருங்கள். காலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தால் வடிகால் சரியில்லை என்று அர்த்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. வடிகால் மோசமான மைதானம் அந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் மூடிக்கிடக்கும் என்று கேடிகளிடம் (ஆடுகிறவரின் பையைத் தூக்கி உதவுபவர்களிடம்) கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பில்) மண்டியிட்டுப் பாருங்கள். உயரத்திலிருந்து பந்து விழும்போது புல்லில் ஒரு சின்னப் பள்ளம் விழும், கட்டைவிரல் நகம் அளவுக்கு. ஆடியவர் தன் பையிலிருந்து சிறு முள்கரண்டி போன்ற கருவியை எடுத்து, ஓரத்துப் புல்லை நடுவே தள்ளி, மட்டையால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். அரை நிமிட வேலைகூட இல்லை. செய்தால் சீக்கிரம் புல் மூடிவிடும். விட்டால் அந்த இடம் காய்ந்து பழுப்புப் பொட்டாக வாரக்கணக்கில் நிற்கும். கிரீன் முழுக்க அப்படிப் பொட்டுகள் இருந்தால் அது புல் வெட்டுபவர்களின் குறை அல்ல, உறுப்பினர்களின் குணம். கமிட்டி அறையில் தொங்கும் படங்களைவிட அந்தப் பொட்டுகள் கிளப்பைப் பற்றி அதிகம் சொல்லும்.

பங்கரில் (மணல் பள்ளத்தில்) மணல் மழையில் கரைந்து கெட்டித்தட்டிப் போயிருக்கிறதா, கழிப்பறை 9ஆவது ஹோல் பக்கம் உண்டா, குடிதண்ணீர் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் மரங்களையும் எண்ணலாம்.

நிலம் யாருடையது என்று நீங்கள் ஏன் எல்லோரையும் கேட்கச் சொல்கிறீர்கள்?

ஏனென்றால் 18 ஹோல் மைதானத்துக்கு நூறு ஏக்கர் அளவில் இடம் வேண்டும். நகரின் நடுவே அவ்வளவு இடம் பெரும்பாலும் கிளப்பின் சொந்தமாக இருக்காது. அரசு நிலமாகவோ நீண்ட காலக் குத்தகையாகவோ இருக்கும். நீங்கள் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்வது அந்த நிலத்தின் மேல்தான்.

கிண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 160 ஏக்கர் பந்தய மைதான நிலம் 1945 முதல் 99 ஆண்டுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகை பாக்கி தொடர்பான வழக்கு பல காலமாக நடந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கியது. விஷயம் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. கோல்ஃப் மைதானம் அந்தப் பந்தயத் தடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதாவது, தகராறு அரசுக்கும் இன்னொரு கிளப்புக்கும் நடுவே என்றாலும், நடுவில் பந்து அடிப்பவர்களையும் அது தொடுகிறது.

அங்கே சேராதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மைதானங்களில் அதுவும் ஒன்று. பொது நிலத்தைப் பொதுமக்களுக்குப் பூங்காவாக்க வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது, அதை நாம் மனசாட்சியோடு எதிர்கொள்ளத்தான் வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: எந்தக் கிளப்பாக இருந்தாலும் விண்ணப்பிக்கும் நாளில் செயலரிடம் நேராகக் கேளுங்கள். நிலம் யாருடையது? குத்தகை எப்போது முடிகிறது? வழக்கு இருக்கிறதா? மைதானம் மூடப்பட்டால் கட்டிய நுழைவுக் கட்டணத்துக்கு என்ன ஆகும்? வாய்ப்பதிலோடு நிற்காமல் கடைசியாக நடந்த ஆண்டுப் பொதுக்குழுவின் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வழக்குகள், பாக்கிகள் எல்லாம் அச்சிலேயே இருக்கும்.

மொத்தம் என்ன செலவாகும்?

கிளப்புக்குக் கிளப், வருடத்துக்கு வருடம் மாறுவதால் தொகை சொல்வதில் அர்த்தமில்லை. எந்தெந்தத் தலைப்பில் பணம் போகும் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா, சில இடங்களில் சாப்பாட்டுக்குக் குறைந்தபட்ச மாதச் செலவு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிரீன் ஃபீ, கேடிக் கூலி, பை வைக்கும் லாக்கர், போட்டிக் கட்டணம், வரிகள். சில சமயம் மைதானத்தைச் சீரமைக்க உறுப்பினர்களிடம் சிறப்பு வசூல் வரும். கடந்த பத்து வருடத்தில் அப்படி எத்தனை முறை வசூலித்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். நுழைவுக் கட்டணம் பத்து லட்சம், இருபது வருடம் ஆடப்போகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 50,000. மாதச் சந்தா 3,000 என்றால் வருடத்துக்கு 36,000. ஆக 86,000. வருடத்துக்கு நாற்பது முறை ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு 2,150 ரூபாய். பத்து முறைதான் ஆடினால் 8,600 ரூபாய். கேடியும் கிரீன் ஃபீயும் தனி. பத்து முறைக்காரர் உறுப்பினரே ஆகாமல், நண்பர்களோடு விருந்தாளியாகப் போய் ஆடுவதே மேல். உங்கள் கணக்கை உண்மையான எண்ணிக்கையில் போடுங்கள். போன வருடம் எத்தனை காலை உங்களுக்குக் காலியாக இருந்தது என்பதுதான் அந்த எண்.

காத்திருப்போர் பட்டியல் பல வருடம் என்கிறார்களே?

உண்மைதான். பழைய கிளப்களில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. பிள்ளை பிறந்தவுடன் பெயரை எழுதி வைக்கும் வழக்கம்கூடச் சில குடும்பங்களில் இருக்கிறது. அதனால் சேரலாமா வேண்டாமா என்று தீர்மானமாகத் தெரியாவிட்டாலும், விண்ணப்பத்துக்குப் பெரிய முன்பணம் இல்லையென்றால் பெயரைக் கொடுத்து வையுங்கள். பட்டியல் எப்படி நகர்கிறது, உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டா என்று கேட்டால் உண்மையான காலம் ஓரளவு புரியும்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். சில கிளப்களில் சில வருடத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிக உறுப்பினர் வகை இருக்கிறது. மலை ஊர்க் கிளப்கள் வெளியாட்களுக்கும் கிரீன் ஃபீயில் இடம் கொடுக்கும். இந்த இடைவெளியில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் உள்ளே போகும் நாளில் தயாராக இருப்பீர்கள்.

எனக்கு அங்கே யாரையும் தெரியாது. முன்மொழிய ஆள் இல்லையே?

பழைய கிளப்களில் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். 'ப்ரொபோசர், செகண்டர்' என்பார்கள். அதற்கு மேல் கமிட்டி நேர்காணல், சில இடங்களில் வாக்கெடுப்பு. பலருக்கு இந்த இடத்தில்தான் மனசு சுருங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் கிளப் வாசலை மிதித்ததில்லை, நமக்கெல்லாம் எங்கே என்று நினைத்துவிடுகிறார்கள். என் அப்பாவும் கிளப் ஆள் இல்லை. ஒரு பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளப் போன இடத்தில், கூடக் கற்றுக்கொண்ட மூத்தவர் ஒருவர் நாலு மாதம் என்னோடு ஆடிப் பார்த்துவிட்டு, அவராகவே படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே ஆள் தேடுவதைவிட ஆடப் போவது நல்ல வழி. ரேஞ்சுக்கு (பந்து அடித்துப் பழகும் இடத்துக்கு) போங்கள், திறந்த போட்டிகளில் பெயர் கொடுங்கள், அலுவலகக் குழுக்களில் சேருங்கள். நேரத்துக்கு வருகிறவர், கேடியிடம் மரியாதையாகப் பேசுகிறவர், தன் அடிகளை நேர்மையாக எண்ணுகிறவர் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் கையெழுத்து தானாக வரும். முன்பின் தெரியாதவரிடம் பணம் கொடுத்து உறுப்பினர் ஆகும் குறுக்குவழியை யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கம்பெனி வழியாகக் கார்ப்பரேட் மெம்பர்ஷிப் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளவா?

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது கம்பெனியின் இருக்கை, உங்களுடையது அல்ல. வேலை மாறினால் அன்றே போய்விடும். அந்த வருடங்களிலேயே உங்கள் பெயரில் தனி விண்ணப்பமும் கொடுத்து வைத்துவிடுங்கள்.

ஆடவே தெரியாது. முதலில் கிளப்பில் சேரவா, முதலில் கற்றுக்கொள்ளவா?

கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சியாளரிடம் பத்துப் பன்னிரண்டு வகுப்பு, வாரம் இரண்டு நாள் ரேஞ்சில் பந்து அடிப்பது, மூன்று மாதம். புது செட் வாங்க வேண்டாம். விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைக்கலாம். தொடங்குகிறவருக்கு 7ஆம் எண் அயர்ன், ஒரு வெட்ஜ், கிரீனில் பந்தை உருட்ட ஒரு பட்டர், இந்த மூன்று மட்டைகள் போதும். பயிற்சியாளர் வைத்திருக்கும் பழைய மட்டைகளே போதுமானவை. மூன்று மாதம் கழித்தும் விடிகாலை அலாரம் அடிக்கும்போது எழுந்து போக ஆசையாக இருந்தால் உங்களுக்கு இந்த ஆட்டம் பிடித்திருக்கிறது. அப்போது கிளப்பைத் தேடுங்கள்.

பல கிளப்களில் புதியவரை நேரடியாக மைதானத்தில் விடமாட்டார்கள். விதிகள், ஒழுங்குகள் பற்றிச் சிறு தேர்வு வைப்பார்கள், அல்லது கேப்டன் நியமித்த ஒருவரோடு ஆடிக் காட்ட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. வேகமாக நடப்பது, மற்றவர் பட் செய்யும்போது (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும்போது) அந்தப் பந்து போகும் கோட்டை மிதிக்காமல் இருப்பது, முன்னால் ஆள் இருக்கும்போது அடிக்காமல் இருப்பது, இதைத்தான் பார்க்கிறார்கள்.

ஹேண்டிகேப்புக்கும் கிளப் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்?

ஹேண்டிகேப் என்பது உங்கள் ஆட்டத் திறனுக்கு ஓர் எண். நன்றாக ஆடுகிறவரும் புதியவரும் சமமாக மோத அதுதான் வழி செய்கிறது. 2020 முதல் உலகம் முழுவதும் ஒரே முறை வந்துவிட்டது. உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்து எண் கணக்கிடுவார்கள். அதிகபட்சம் 54. புதிதாக எண் பெற மொத்தம் 54 ஹோல் ஆடிய ஸ்கோர் கார்டுகள் கொடுத்தால் போதும்.

மைதானத்தின் கடினத்துக்கும் ஒரு எண் உண்டு. ஸ்லோப் என்பார்கள். 55இலிருந்து 155 வரை போகும், நடுத்தரம் 113. உங்கள் எண் 20 என்றால் ஸ்லோப் 113 உள்ள மைதானத்தில் மொத்த அடிகளில் 20ஐக் கழித்துக்கொள்ளும் சலுகை, 130 உள்ள மைதானத்தில் ஏறக்குறைய 23. சேர நினைக்கும் கிளப்பின் ஸ்கோர் கார்டில் இந்த எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் பத்துப் பந்தைத் தொலைத்துவிட்டு வருகிற மைதானத்தில் மனசு சோர்ந்துவிடும். நடுத்தர மைதானத்தில், நமக்கேற்ற முன் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) தொடங்கி, பாரை (மைதானத்துக்கு வகுத்த அடி எண்ணிக்கையை) நெருங்கும் சந்தோஷம்தான் பல வருடம் ஆட வைக்கும்.

மாதப் போட்டிகள் ஒழுங்காக நடக்கிறதா, ஹேண்டிகேப் கமிட்டி கார்டுகளைச் சரிபார்க்கிறதா என்பதும் முக்கியம். அது தளர்ந்த கிளப்பில் எண்களுக்கு மதிப்பு இல்லை, போட்டியில் சண்டைதான் வரும்.

மனைவியும் மகளும் ஆட ஆசைப்படுகிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் 1754இல் தொடங்கியது. கோல்ஃபின் விதிகளை நீண்ட காலம் வகுத்த கிளப். அங்கே பெண்களை உறுப்பினராக ஏற்க வாக்களித்தது 2014இல்தான். 260 வருடம். நம் ஊர்க் கிளப்கள் பலவும் அந்த மரபிலிருந்து வந்தவை. எனவே பழைய விதிகள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று துருவிக் கேளுங்கள். பெண்கள் சொந்தப் பெயரில் உறுப்பினர் ஆகலாமா, ஓட்டுரிமை உண்டா? கணவர் இறந்தால் மனைவியின் நிலை என்ன? ஞாயிறு காலை டீ டைம் பெண்களுக்கும் சமமாகத் திறந்திருக்கிறதா? மகள் 21 அல்லது 25 வயதைத் தாண்டியதும், அல்லது திருமணம் ஆனதும், உரிமை போய்விடுமா? மகனுக்கும் அதே விதியா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் செயலர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் பெங்களூர் ஒரு நல்ல உதாரணம். அதிதி அசோக் ஐந்து வயதில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் ரேஞ்சில் மட்டை பிடித்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தார், பதக்கம் ஒரே அடியில் கை நழுவியது. ஐந்து வயதுக் குழந்தைக்கு மட்டை பிடிக்க ஒரு மூலை கிடைத்ததால் நடந்தது அது. நீங்கள் பார்க்கும் கிளப்பில் சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் பட்டிங் கிரீனில் இருக்கிறார்களா, அல்லது 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை' பலகை இருக்கிறதா?

உடை விதிகள் ரொம்பக் கெடுபிடியா? வேட்டியில் போனால் விடுவார்களா?

மைதானத்துக்குள் காலர் வைத்த சட்டை, பேன்ட் அல்லது நல்ல அரைக்கால் சட்டை, கோல்ஃப் ஷூ. ஜீன்ஸ் கூடாது என்பார்கள். இதில் பிரச்சினை எதுவும் இல்லை.

கிளப் கட்டடத்துக்குள் வேட்டி என்பது வேறு கதை. 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சென்னையில் ஒரு கிளப் நிகழ்ச்சியில் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் வரை கொதித்தது. அடுத்த மாதமே, வேட்டி உள்ளிட்ட நம் பாரம்பரிய உடைக்குத் தடை போடக்கூடாது என்று தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. மீறினால் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதனால் இன்று எந்தக் கிளப்பிலும் தலை நிமிர்ந்து வேட்டியில் போகலாம். பொங்கலுக்கு நான் அப்படித்தான் போகிறேன்.

கேடிகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி பேசுகிறீர்கள். கிளப் தேர்வில் அவர்களுக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம். நம் மைதானங்களில் நிஜமான அறிவு கேடிகளிடம்தான் இருக்கிறது.

எனக்குப் பை தூக்கும் அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. சின்ன வயதிலேயே மைதானத்துக்கு வந்தவர். விடிந்தும் விடியாத நேரத்தில், கிரீனில் பனி இன்னும் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பந்துக்குப் பின்னால் ஒரு முட்டியை ஊன்றி உட்காருவார். குழியை இரண்டு விநாடி பார்ப்பார், எழுந்து நடந்து குழிக்கு அந்தப் பக்கம் போய்க் காலால் புல்லை லேசாகத் தடவிப் பார்ப்பார். "ரெண்டு கப் லெஃப்ட் சார். பனி இருக்கு, பாக்கறதைவிட மெதுவாத்தான் ஓடும். கொஞ்சம் தைரியமா தட்டுங்க." ஒரு கப் என்றால் குழியின் அகலம், 108 மில்லிமீட்டர். நான் அடித்ததும் பனியில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. நேராகப் போய், கடைசி மூன்றடியில் வளைந்து உள்ளே இறங்கியது. அந்தக் கோட்டை அவர் தன் மனசில் முன்னாலேயே போட்டு வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர்களிலிருந்து வந்தவர்தான் அலி ஷேர். டெல்லியில் கேடியாக இருந்து, 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். பை தூக்கிய கை மட்டையைப் பிடிக்க யாரோ ஓர் இடத்தில் அனுமதித்திருக்கிறார்கள்.

ஆகவே கிளப்பைப் பார்க்கப் போகும்போது கேடிகளின் கொட்டகையையும் பாருங்கள். உட்கார நிழல், விசிறி, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர் இருக்கிறதா? மருத்துவக் காப்பீடு உண்டா? மழையில் மைதானம் மூடிய வாரங்களில் அவர்களுக்கு ஏதாவது உதவி கிடைக்கிறதா? வாரம் ஒரு நாளாவது அவர்கள் ஆட விடுகிறார்களா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று வரும் கிளப்பில் தைரியமாகச் சேருங்கள். உறுப்பினர்கள் கேடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, விரலைச் சொடுக்குகிறார்களா என்பதையும் கவனியுங்கள். நான் ஒரு கிளப்பை வேண்டாம் என்று விட்டது அந்த விரல் சொடுக்கைப் பார்த்துத்தான்.

மலை ஊர்க் கிளப்பில் சேர்ந்துவிட்டு லீவுக்கு மட்டும் போய் ஆடினால்?

அழகான யோசனை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இலிருந்து இருக்கிறது. ஃபேர்வேயில் காட்டுமாடுகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும். அவை நகரும்வரை நாம்தான் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் படம் எடுக்கும் வேலை வேண்டாம். ஊட்டி மைதானம் வென்லாக் புல்வெளியில் ஏறி இறங்கும். நடந்தால் மூச்சு வாங்கும், காற்றோ அவ்வளவு சுகம். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால், சென்னையில் 150 கஜம் போகும் அடி அங்கே இன்னும் தள்ளிப் போய் விழும். முதல் நாள் எல்லா அடியும் கிரீனைத் தாண்டும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

ஆனால் அதையே ஒரே கிளப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் உங்கள் ஊர்க் கிளப்புக்கு எந்தெந்த ஊர்க் கிளப்களோடு பரஸ்பர உடன்பாடு இருக்கிறது என்று பாருங்கள். மலையில் தங்கவும் ஆடவும் அதன் வழியாகவே இடம் கிடைத்தால் இரண்டு நுழைவுக் கட்டணம் தேவையில்லை. ஓய்வு பெற்று மலையிலேயே குடியேறப் போகிறவர் என்றால் தாராளமாகச் சேருங்கள்.

நான் கொழும்பில் இருக்கிறேன். அங்கே?

ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கிய பழைய கிளப். இப்போதைய மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நின்று, போன பிறகு தொடரும். மலையகத்தில் நுவரெலியா கிளப் 1889ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு மைதானம் உண்டு. கொழும்பில் வேலை என்றால் மேலே சொன்ன தூரக் கணக்கே போதும், முதல் கிளப்பைத்தான் முதலில் விசாரிப்பீர்கள்.

கோல்ஃப் மைதானம் தண்ணீரைக் குடிக்கிறதே, எனக்கு மனசு ஒப்பவில்லை.

நியாயமான உறுத்தல்தான். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர் இது. மைதானத்துக்கு எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தும், மழைநீரைக் குளங்களில் தேக்கும், ரஃபில் (ஃபேர்வேக்கு வெளியே புல் வளர்ந்த ஓரங்களில்) புல்லைக் காய விட்டு கிரீனுக்கு மட்டும் நீர் பாய்ச்சும் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரலில் ஃபேர்வே லேசாகப் பழுத்திருந்தால் அது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தும் நன்றாக உருளும்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப வருமா? வெளிநாட்டு வேலைக்குப் போக நேர்ந்தால்?

பெரும்பாலான பழைய கிளப்களில் நுழைவுக் கட்டணம் திரும்ப வராது, இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. தனியார் குடியிருப்புத் திட்டங்களோடு வரும் மைதானங்களில் வேறு மாதிரி ஒப்பந்தம் இருக்கும். அதை வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு 'ஆப்சென்டி' என்ற வகை இருக்கும். சந்தா குறையும் அல்லது நிற்கும், திரும்பி வந்ததும் உரிமை தொடரும். ஆனால் தானாக நடக்காது, எழுதிக் கொடுக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் துபாய்க்குப் போகும் அவசரத்தில் வாசலில் இருந்த ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருடம் கழித்து வந்தபோது சந்தா பாக்கியில் அவர் பெயர் நீக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டியாகிவிட்டது. மறுபடி வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறார். விமானம் ஏறுவதற்கு முன் செயலர் பெயருக்குக் கடிதம் கொடுத்து, கிளப் முத்திரை போட்ட நகலை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.